உடைந்த பூமுக்குக் கரூர் பஸ் பாடி பட்டறை: ஒரு சேவை விமர்சனம்

பாய்ப்படகில் பாயின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு படுக்கை வாட்டத்தில் நிற்கிற குழாய்தான் பூம். கொங்குப் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு அது உடைந்தால் எங்கே போவது என்பது பெரிய கேள்வி. கோவை, ஈரோடு, சேலம், கரூர் என்று எங்கே தேடினாலும் பாய்ப்படகுச் சாமான் கடை என்று ஒன்று கண்ணில் படாது. ஆனால் பூம் என்பது என்ன? ஒரு அலுமினியக் குழாய், இரண்டு முனையிலும் அடைப்பு, நடுவில் சில பிடிகள், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ரிவெட். இவை அத்தனைக்கும் இந்த மண்ணில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ரிவெட் வேலைக்குக் கரூர் பஸ் பாடி பட்டறை முதல் தரம். குழாய்க்குக் கோவை அலுமினியக் கடை நல்லது, ஆனால் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். லேத் வேலைக்கு எந்த ஊர்ப் பட்டறையும் போதும். அலுமினியத்தைப் பற்றவைக்கிற டிக் வெல்டிங் பட்டறைகள் கை சுத்தமானவை, இருந்தாலும் பூமை அங்கே எடுத்துப் போகவே வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் எண்டர்பிரைஸ், ஜிபி14 மாதிரி இரண்டு பேர் ஓட்டுகிற, 4 மீட்டரை ஒட்டிய நீளமுள்ள டிங்கி எனும் சின்னப் பாய்ப்படகுகளுக்கு. அடியில் கனமான கீல் (keel) வைத்த பெரிய படகின் பூமுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

எதை வாங்குவது என்று தெரிய, எங்கே உடைகிறது என்று முதலில் தெரிய வேண்டும். டிங்கி பூம் பெரும்பாலும் கிக்கர் மாட்டியிருக்கும் இடத்தில்தான் முறியும். பூம் மேலே எழும்பாமல் கீழே இழுத்துப் பிடிக்கிற கயிறு கிக்கர். பாயின் பின்விளிம்பு பூமின் கடைக்கோடியை மேலே தூக்குகிறது, கிக்கர் நடுவில் கீழே இழுக்கிறது, முன்முனை கூஸ்நெக்கில், அதாவது பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் மூட்டில், மாட்டி நிற்கிறது. ஆக, இரண்டு முனையும் மேலே வளைந்து நடு கீழே இறங்கப் பார்க்கும். அப்போது குழாயின் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நசுங்கும். கிக்கர் பிடிக்கு ரிவெட் ஓட்டை போடுவதோ சரியாக அந்த அடிப்பக்கத்தில்! இழுவிசை அதிகமாக உள்ள இடத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டையின் விளிம்பில் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது. பின்காற்றில் போகும்போது பாய் சட்டென்று மறுபக்கம் வீசித் தாண்டினால், அதாவது எதிர்பாராத ஜைப் ஆனால், ஏற்கெனவே பாதி ஓடிய விரிசல் முழுதாகப் பிளந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சீராக வராது, விட்டு விட்டு அறையும். அந்தக் காற்றில் கிக்கரை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்காற்றில் ஓடினால், பூம் பக்கவாட்டுக் கம்பியில் போய் இடித்து அங்கேயே மடங்குவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூம் 2.6 மீட்டர். கிக்கர் கூஸ்நெக்கிலிருந்து 80 சென்டிமீட்டரில். பாய் கடைக்கோடியை 30 கிலோ விசையில் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமாளிக்கக் கிக்கர் ஏறத்தாழ 97 கிலோ இழுக்க வேண்டும். 50 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள வட்டக் குழாயில், கிக்கர் இடத்தில் வரும் இழுவிசை சுமார் 152 மெகாபாஸ்கல். அலுமினியம் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் அளவோடு இதை ஒப்பிட வேண்டும். 6063 கிரேடு டி5 பதம் (சூட்டில் பலம் ஏற்றிய நிலை) என்றால் அந்த அளவு சுமார் 145, அதே 6063 டி6 என்றால் சுமார் 215, 6061 டி6 என்றால் சுமார் 275. முதலாவது சாதாரணக் காற்றிலேயே வளைந்துவிடும். இரண்டாவது தாங்கும், ஆனால் ஜைப்புக்கு மிச்சம் குறைவு. மூன்றாவதுதான் நிம்மதி. கடையில் ‘அலுமினியப் பைப்பு’ என்று மட்டும் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் முதலாவது.

கோவையின் அலுமினிய செக்‌ஷன் கடைகள் முக்கியமாக ஜன்னல், பார்ட்டிஷன் வேலைக்குச் சரக்கு வைத்திருப்பவை. ஜன்னல் செக்‌ஷன்களில் 1.2, 1.5 மி.மீ. கனம்தான் அதிகம் புழங்கும். பூமுக்கு அது ஆகாது. வெர்னியரைக் கையோடு கொண்டுபோய், குழாயின் இரண்டு முனையிலும் நான்கு பக்கமும் கனம் பாருங்கள். அலுமினியத்தை அச்சு வழியே தள்ளிக் குழாயாக்கும் எக்ஸ்ட்ரூஷனில் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அப்படியிருந்தால் தடித்த பக்கத்தைப் பூமின் அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 0.2 மி.மீ.க்கு மேல் போனால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

கிரேடை 6061, 6063, 6082 என்று சொன்னால் சில கடைகளில் முழிப்பார்கள். பழைய வழக்கில் 6063-க்கு ஹெச்இ9, 6061-க்கு ஹெச்இ20, 6082-க்கு ஹெச்இ30 என்று பெயர். “ஏனுங்ணா, இது ஹெச்இ30-ங்களா, ஒன்பதுங்களா? டி6 பதந்தானுங்களா?” என்று கேளுங்கள். இன்ஜினியரிங் பட்டறைகளுக்குச் சரக்குப் போடுகிற கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார், ஜன்னல் கடைக்காரர் வேறு கடைக்கு வழி காட்டுவார். இரண்டுமே நல்ல பதில்தான். கிரேடையும் பதத்தையும் காட்டும் ஆலைச் சான்றான மில் சர்டிஃபிகேட் கேட்டால் மொத்த வியாபாரிகள் நகல் கொடுப்பார்கள். இந்த விஷயத்தில் கோவைக் கடைகளைப் பாராட்ட வேண்டும். பம்பும் மோட்டாரும் வார்ப்பும் செய்கிற ஊராகையால், கிரேடு கேட்கிற ஆளை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஒரே குழாய் வாங்கினாலும் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறார்கள்.

விலை கிலோக் கணக்கு, அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் தராசில் குழப்பம் வராது. 50×2 குழாய் மீட்டருக்குச் சுமார் 0.81 கிலோ. 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர் முழுக் குழாயாக எடுத்தால் 3 கிலோவை ஒட்டி வரும். 3.3 கிலோ காட்டினால் கனம் கூடுதல் என்று பொருள். 2.6 கிலோ காட்டினால் மெலிந்த சரக்கு. வெட்டிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், முழு நீளமாக வாங்குங்கள். மிச்சம் ஒரு மீட்டர் பிற்பாடு ஒட்டுப்போட உதவும்.

ஹெச்இ20, ஹெச்இ30 கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இங்கே பலரும் 50 மி.மீ. குழாயையே 3 மி.மீ. கனத்தில் வாங்குகிறார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. 50×3 குழாயில் எடை 47 சதவீதம் கூடுகிறது, விறைப்பு 41 சதவீதம்தான் கூடுகிறது. 63 மி.மீ. விட்டத்தில் அதே 2 மி.மீ. கனத்தை எடுத்தால் எடை 27 சதவீதம்தான் கூடும், விறைப்போ இரண்டு மடங்கு! மேலே போட்ட கணக்கில் 152 இருந்த இழுவிசை 94-க்கு இறங்கிவிடும். அப்போது சாதாரண 6063 டி6 குழாயே தாராளமாகத் தாங்கும். 2.6 மீட்டர் பூமுக்கு மொத்தத்தில் கூடுவது அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை 63×2 தான். பந்தயத்துக்குப் போகிற படகு என்றால் அந்த வகுப்பின் விதிப் புத்தகத்தில் பூமின் குறுக்களவு பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சர்டிஃபிகேட் இல்லாத குழாயைச் சோதிக்க வீட்டிலேயே வழியுண்டு. 50×2 குழாயை 2.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். குழாய் உட்காரும் இடத்தில் கட்டையை அரைவட்டமாகக் குடைந்து துணி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் நசுங்கும். நடுவில் அகலமான நாடா போட்டு 25 கிலோ அரிசி மூட்டை நான்கைத் தொங்கவிடுங்கள். குழாய் நடுவில் 5 சென்டிமீட்டர் போல இறங்கும். பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு மூட்டையை இறக்கி, குழாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நல்ல டி6 குழாய் பழையபடி நேராக நிமிர்ந்துவிடும். டி5 குழாயில் வளைவு அப்படியே தங்கிவிடும், கண்ணுக்கே தெரியும். வளைந்த குழாயைத் திருப்பிப் போட்டு நிமிர்த்தி வேலைக்கு எடுக்காதீர்கள். கொடிக்கம்பத்துக்கு ஆகும், பூமுக்கு ஆகாது.

இனி வெல்டிங். பூம் இரண்டாக முறிந்ததும் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது டிக் வெல்டிங்தான். கோவையில் அலுமினிய டிக் வெல்டிங்குக்குப் பஞ்சமில்லை, ஒட்டும் அழகாக இருக்கும். பிரச்சினை ஒட்டில் இல்லை, அதன் இரு பக்கமும் இருக்கிறது. டி6 பதம் என்பது சூட்டில் ஏற்றிய பலம். வெல்டிங் சூடு பட்டதும் ஒட்டிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 25 மி.மீ. தூரத்துக்கு அந்தப் பதம் போய்விடும், பலம் பாதிக்குக் கீழே இறங்கும். 6061 டி6 குழாயாக இருந்தாலும் 152 மெகாபாஸ்கலை அந்த இடம் தாங்காது. ஆகவே வெல்டு வைத்த பூம் மறுபடி உடையும்போது ஒட்டில் உடையாது, ஒட்டுக்கு ஒரு அங்குலம் தள்ளி உடையும். பதத்தைத் திரும்ப ஏற்ற முழுக் குழாயையும் 530 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, பிறகு 175 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். இரண்டரை மீட்டர் குழாயை அப்படிச் செய்யும் உலை சாதாரணப் பட்டறையில் இருக்காது. குழாயும் முறுக்கிக்கொள்ளும்.

வெல்டருக்கு இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் வேலை சரிதான், பொருள்தான் அந்த வேலைக்கு ஒத்துவராது. பூமின் கடைமுனையில் மூடி ஒன்றைப் பற்றவைப்பது மாதிரி, வளைவிசை இல்லாத இடத்தில் வெல்டிங் செய்தால் பரவாயில்லை. அப்படிச் செய்து பிறகு அனோடைஸ் (தொட்டியில் மின்சாரம் விட்டு ஏற்றும் ஆக்சைடு பூச்சு) போடுவதாக இருந்தால் 5356 ஃபில்லர் கம்பி கேளுங்கள். 4043 கம்பி அனோடைஸ் தொட்டியில் கறுத்துப்போகும்.

உடைந்த பூமையே ஒட்டுப்போடுவதென்றால் உள்ளே ஸ்லீவ் போட வேண்டும். உடைந்த இடத்தில் நசுங்கிய பகுதியை இரண்டு துண்டிலும் நேராக அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே 40 சென்டிமீட்டர் நீளமான சிறிய குழாயைப் பாதிப் பாதி செருக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குழாய் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் உள்ளே போவது இதில் முக்கியம். பட்டறைகளில் அதே 50×2 குழாயின் ஒரு துண்டை நெடுகப் பிளந்து, 12.5 மி.மீ. பட்டை எடுத்துவிட்டு, சுருக்கி உள்ளே தள்ளுவார்கள். பொருத்தம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அந்த ஸ்லீவ் முழு வட்டமாக இருந்தாலே வெளிக்குழாயின் விறைப்பில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் தரும், பிளந்திருப்பதால் அதுவும் வராது. அவசரத்துக்கு ஆகும். அப்படிப் போட்டால் பிளவு வாயைப் பக்கவாட்டில் வையுங்கள், மேலேயோ கீழேயோ வைக்காதீர்கள்.

நிரந்தரமான ஸ்லீவுக்கு 50 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனமுள்ள குழாய்த் துண்டு அரை மீட்டர் வாங்கி, லேத்தில் வெளிவிட்டத்தை 45.8 மி.மீ.க்கு இறக்கச் சொல்லுங்கள். உள்விட்டம் 40, மிஞ்சும் கனம் 2.9. இது மூலக்குழாயின் பலத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்கும். லேத்காரரிடம் சொல்லும்போது, வெளிக்குழாயின் ஒரு துண்டைக் கையில் கொடுத்து “இதுக்குள்ள கையால தள்ளுனா போகணும், ஆடக் கூடாதுங்க” என்றால் போதும், அளவு தானாக வந்துவிடும். ஸ்லீவின் இரண்டு முனையையும் நேராக வெட்டாமல் மீன்வாய் போல் வி வடிவத்தில் அறுக்க வேண்டும். நேராக வெட்டினால் ஸ்லீவ் முடிகிற வட்டத்தில் விறைப்பு திடீரென்று மாறும், அடுத்த விரிசல் அங்கே வரும்.

ஒட்டுவதற்குச் சாதாரண அரால்டைட் ஸ்டாண்டர்டு போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம். இரண்டு பரப்பையும் எமரி தாளில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, உடனே பசை தடவ வேண்டும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வேகமாகப் படியும். காலையில் தேய்த்துவிட்டு மத்தியானம் ஒட்டினால் பசை படலத்தில் ஒட்டும், உலோகத்தில் ஒட்டாது. பசையோடு ஒவ்வொரு பக்கமும் ஆறு ரிவெட். அவையும் ஒரே வட்டத்தில் வரக் கூடாது, முன்பின்னாக மாறி மாறி, குழாயின் இரு பக்கவாட்டிலும் வர வேண்டும். அறுத்தெடுத்த நீளத்தை ஈடுகட்ட, மூலக்குழாயின் துண்டு ஒன்றை வளையமாக வெட்டி ஸ்லீவின் மேல் நடுவில் கோர்க்கலாம். முறிவு கிக்கர் இடத்திலேயே இருந்து, குழாயும் பழையதாக இருந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. புதுக் குழாய்தான் சரி. லேத் கூலி, பசை, ரிவெட் எல்லாம் சேர்த்தால் செலவும் பெரிதாக மிச்சமாகாது.

இப்போது கரூர். பஸ் பாடி கட்டும் ஊர் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊர் அது. ஒவ்வொரு பஸ்ஸிலும் அலுமினியத் தகட்டைச் சட்டத்தோடு பிடிக்க ரிவெட் அடித்து அடித்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. பூமுக்கு வேண்டியது அதே வேலைதான். அதைவிட முக்கியமான காரணம், காற்றில் ஓடும் ரிவெட் கன். டிங்கி பூமுக்கு, நடுக்கம்பியை இழுத்து இறுக்குகிற 4.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ரிவெட் வேண்டும். அதைக் கையால் அமுக்கும் சின்ன ரிவெட்டரில் இழுக்க முடியாது, கம்பி அறுவதற்குள் கை விட்டுப்போகும். பாதி இழுபட்டு நின்ற ரிவெட் பிடிக்கவும் பிடிக்காது, கழற்றவும் வராது. கரூர் பட்டறையில் கம்ப்ரஸர் எப்போதும் ஓடுகிறது, ஒரு நொடியில் ‘டப்’பென்று இழுத்து முடித்துவிடுகிறார்கள். மேஸ்திரிகள் ஓட்டை போடும் சுத்தமும் பார்க்கத் தக்கது. முதலில் புள்ளி குத்தி, சின்ன பிட்டில் வழி போட்டு, பிறகு 4.9 மி.மீ. பிட்டில் அகட்டுகிறார்கள். ஓட்டை 5.2 ஆகிவிட்டால் ரிவெட் ஆடும் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் சில விஷயங்களை நாம்தான் சொல்ல வேண்டும். முதலாவது, ரிவெட்டையே நாம் வாங்கிப் போவது நல்லது. பாடி வேலைக்கு அவர்கள் பயன்படுத்துவது அலுமினிய உடலும் இரும்புக் கம்பியும் உள்ள ரகம். உள்ளே தங்கும் இரும்புத் தலை துருப்பிடித்துப் பழுப்பாக வடியும், பலமும் ஸ்டெயின்லெஸ்ஸில் பாதிகூட இல்லை. நீளமும் முக்கியம். பிடிக்க வேண்டிய மொத்தக் கனம் 5 மி.மீ. என்றால் 4.8×10, 6-ஐத் தாண்டினால் 4.8×12. இரண்டாவது, ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். கடலில் இது சில மாதங்களிலேயே தெரியும், அணை நீரில் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். படகு உலகில் இதற்கு டியூராலாக், டெஃப்-ஜெல் என்று பூச்சுகள் உண்டு. இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது. பெயின்ட் கடையில் கிடைக்கிற மஞ்சள் சிங்க் குரோமேட் பிரைமரை ஓட்டையிலும் பிடியின் அடியிலும் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரிவெட் இழுக்கச் சொல்லுங்கள். பாடி பட்டறையில் அது எப்படியும் இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய சங்கதி. அக்கறையில் மேஸ்திரி “இன்னும் நாலு ரிவெட் சேர்த்துப் போட்டுர்றேனுங்க, அசையாது” என்பார். பஸ் தகட்டுக்கு அது நியாயம். பூமில் அடிப்பக்கம் போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு விரிசலுக்கு விதை. “கீழ்ப்பக்கம் ஓட்டையே வேண்டாங்ணா, ரெண்டு பக்கமும் மட்டும் போடுங்க” என்று முன்கூட்டியே சொல்லி, மார்க்கர் பேனாவில் இடத்தை நாமே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். நான்காவது, ரிவெட் இழுத்ததும் உள்ளே விழும் கம்பித் தலைகளையும் துளைத்த சீவல்களையும் குழாயைச் செங்குத்தாகத் தட்டி முழுக்க வெளியே எடுத்த பிறகே முனை அடைப்பைப் போட வேண்டும். பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்க உள்ளே ஓடும் அவுட்ஹால் கயிறு இவற்றில் மாட்டி அறுந்துபோகும். இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கரூர் வேலையில் சொல்லும்படியான குறை இது ஒன்றுதான்.

கிக்கர் பிடிக்கு அடியில் தட்டையாக உட்காரும் பழைய ரகத்தை விட்டுவிட்டு, குழாயைக் கீழிருந்து அணைத்து இரு பக்கமும் ஏறும் யூ வடிவப் பட்டையைச் செய்துகொள்ளுங்கள். 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, 40 மி.மீ. அகலம், ஒவ்வொரு பக்கமும் மூன்று ரிவெட். ஓட்டைகள் பக்கவாட்டில், வளைவிசை ஏறத்தாழ இல்லாத நடுக்கோட்டில் விழுகின்றன. தகடு வாங்கும்போது 316 கேளுங்கள், குறைந்தபட்சம் 304. சந்தையில் 202 கிரேடை 304 என்று தள்ளிவிடுவது சகஜம். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, இரண்டுமே ஒட்டாது. சோதனைத் துளி விட்டுப் பார்க்கும் மருந்து ஸ்டெயின்லெஸ் வியாபாரிகளிடம் இருக்கும், முன்னால் விடச் சொல்லி நிறம் பார்த்து வாங்க வேண்டும்.

முனை அடைப்பு லேத் வேலை. நைலான் உருளையைக் காட்டுவார்கள், விலையும் குறைவு. நைலான் தண்ணீர் குடித்து ஊதும், ஒருமுறை குழாய்க்குள் இறுகினால் கழற்றவே முடியாது. அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காத டெல்ரின் பிளாஸ்டிக் கேளுங்கள். கூஸ்நெக் முள்ளுக்கு 8 மி.மீ. ஓட்டை என்றால் 8.2 போடச் சொல்லுங்கள், அடைப்பு குழாய்க்குள் குறைந்தது 60 மி.மீ. போக வேண்டும்.

பாயின் அடிவிளிம்பு ஓடக் காடி உள்ள எக்ஸ்ட்ரூஷன் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. வட்டக் குழாயே போதும். பாயின் முன்மூலையையும் பின்மூலையையும் மட்டும் கட்டி, அடிவிளிம்பைச் சும்மா விட்டுவிடலாம். பின்மூலையைப் பூமோடு அணைக்க 25 மி.மீ. நாடாவில் வெல்க்ரோ தைத்த பட்டை ஒன்று வேண்டும். லாரிப் படுதா தைக்கிற எந்தக் கடையிலும் தைத்துத் தருவார்கள். நாடாவை மூன்று சுற்று வரும்படி நீளமாகக் கேளுங்கள், ஒரு சுற்று வெல்க்ரோ நனைந்ததும் விட்டுக்கொள்ளும்.

அனோடைஸ் தேவையா? அணை நீரில் மட்டும் ஓடும் படகுக்குக் கட்டாயமில்லை. கடலுக்கு டிரெய்லரில் கொண்டுபோகிறவர்கள் 20 முதல் 25 மைக்ரான் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அழகுக்குப் போடும் 10 மைக்ரான் உப்புக்குத் தாங்காது. போகுமுன் தொட்டியின் நீளத்தைப் போனில் கேட்டுவிடுங்கள், சின்ன உதிரிகளுக்கு அனோடைஸ் செய்யும் இடங்களில் மூன்று மீட்டர் குழாய் முங்காது. ஓட்டைகள் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகே அனோடைஸ், அதன் பிறகே ரிவெட். கோவைக்கும் கரூருக்கும் இடையில் குழாய் அலைய வேண்டியிருப்பது இதனால்தான். பவுடர் கோட்டிங்கை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. பளபளப்பாக இருக்கும், ஆனால் அடியில் ஓடும் மயிரிழை விரிசலை அந்தப் பூச்சு மறைத்துவிடும்.

விரிசலைத் தேடக் கோவைப் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. வார்ப்படப் பட்டறைகள் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே: துடைக்க ஒரு டப்பா, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று. கிக்கர் பிடியைச் சுற்றிச் சாயத்தை அடித்துக் கால் மணி நேரம் விட்டு, துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு எழும். காற்றுக் காலம் தொடங்குமுன் ஒருமுறை இதைச் செய்தால், பூம் தண்ணீரில் வைத்து முறியும் நிலைக்கே போகாது.

வெளிநாட்டிலிருந்து செல்டன் போன்ற நிறுவனத்தின் முழுப் பூமையே வரவழைப்பதும் ஒரு வழி. தரத்தில் அதற்கு ஈடில்லை, காடியும் முனை அடைப்பும் அச்சுப் பிசகாமல் வரும். ஆனால் 2.7 மீட்டரைத் தாண்டிய பொதியைப் பல சர்வதேசக் கூரியர்கள் சாதாரணப் பார்சலாக எடுப்பதில்லை, சரக்குக் கூலியும் சுங்கமும் குழாயின் விலையைத் தாண்டிப் போகும். பந்தய விதி கட்டாயப்படுத்தினால் ஒழிய இது வேண்டாம். கப்பி, கிளீட் (கயிற்றைக் கவ்விப் பிடிப்பது), கூஸ்நெக் முள் போன்ற சின்ன உருப்படிகளை மட்டும் ஹார்கன், ரான்ஸ்டன், ஆலன் ரகங்களில் வாங்குங்கள். இவற்றை உள்ளூரில் செய்ய முயல்வது வீண், கப்பி உருளையின் வழவழப்பு லேத்தில் வராது.

கரூருக்குப் போகும் நேரம் பார்த்துப் போக வேண்டும். பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் பள்ளி வாகனங்களை ஆர்டிஓ ஆய்வு செய்வார்கள். அதற்குத் தயாராகும் பஸ்கள் பாடி பட்டறை வாசலில் வரிசையில் நிற்கும்போது ஒற்றைக் குழாயோடு போனால் யாருக்கும் நேரமிருக்காது. பங்குனியில் போங்கள். குறித்த குழாய், யூ பட்டை, ரிவெட், 4.9 பிட் இரண்டு, பிரைமர் டப்பா எல்லாம் கையோடு இருந்தால் அரை நாள் கூலியில் நின்றபடியே வாங்கி வந்துவிடலாம்.